கத்தியைக் கடைசியில் எடுங்கள்: கைவினை ஹார்ப்ஸிகார்டில் இறகு மாற்றிக் குரல் அமைக்கும் முறை

ஹார்ப்ஸிகார்ட் என்பது பியானோவைப் போலக் கட்டைகளை அழுத்தி வாசிக்கும், ஆனால் தந்திகளைச் சுண்டி ஒலிக்கும் கருவி. பழைய ஐரோப்பியக் கருவி ஒன்றை முன்மாதிரியாகக் கொண்டு கையால் செய்யப்பட்ட ஹார்ப்ஸிகார்டை வாங்குபவர், அதனோடு கூர்மையான ஒரு சிறு கத்தியையும் வாங்கியாக வேண்டும். பியானோ வைத்திருப்பவர் ஆண்டுக்கு இரண்டொரு முறை சுருதி சேர்ப்பவரை வரவழைத்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடலாம். ஹார்ப்ஸிகார்டுக்கு அந்தச் சலுகை கிடையாது. சுருதியை வீட்டுக்காரரே அடிக்கடி சேர்த்துக்கொள்ள வேண்டும். வாசித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கட்டை ஊமையாகிவிடும். குளிர்காலம் முழுவதும் ஒழுங்காக இருந்த இன்னொன்று கோடையில் திக்கத் தொடங்கும். ஒவ்வொன்றுக்கும் செய்தவரைத் தேடிப் போவது நடக்கிற காரியமன்று. தந்தியைச் சுண்டும் இறகை மாற்றுவதும், அதைச் சீவிக் குரல் அமைப்பதும் ஆகிய வேலையை மட்டும் இங்கே விளக்குகிறேன். இந்தக் கருவியில் தோன்றும் கோளாறுகளுள் பலவற்றுக்கு இறகு காரணமன்று. ஆனால் புதிதாக வாங்கியவர்கள் முதலில் கை வைப்பது இறகின் மேல்தான். சீவி எறிந்த துணுக்கைத் திரும்ப ஒட்ட முடியாது என்பதால், இந்த வேலையின் ஒழுங்கு முழுவதும் கத்தியை எவ்வளவு தள்ளிப்போடலாம் என்பதைப் பொறுத்தே அமைகிறது.

உள்ளே நடப்பது என்ன

ஆர்மோனியத்தில் போலவே விரல் வைக்கும் இடத்தைக் கட்டை என்றே சொல்லிக்கொள்வோம். ஒவ்வொரு கட்டையின் பின்முனையின் மேலும் ஜாக் எனப்படும் மெல்லிய மரச்சட்டம் ஒன்று செங்குத்தாக நிற்கும். கட்டையின் முன்முனையை அழுத்தினால் பின்முனை எழும், ஜாக்கும் எழும். ஜாக்கின் மேற்பகுதியில் வெட்டப்பட்ட பிளவுக்குள், ஒரு சிறு ஊசியை அச்சாகக் கொண்டு ஆடும் மரநாக்கு இருக்கிறது. அந்த நாக்கின் துளையில் செருகப்பட்டு, தந்தியின் அடியில் சில மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருப்பதுதான் இறகு. ஜாக் எழும்போது இறகு தந்தியைக் கீழிருந்து தூக்கி, வளைந்து, நழுவி மேலே போகிறது. அந்த நழுவலே நாம் கேட்கும் ஒலி. ஜாக் இறங்கும்போது இறகு மேலிருந்து தந்தியைத் தொடும். அப்போது நாக்கு பின்வாங்கி வழிவிடும். இறகு சத்தமின்றிக் கீழே வந்துவிடும். நாக்கின் பின்னால் உள்ள பன்றிமயிர் அல்லது மெல்லிய வில் அதனை மறுபடி முன்னுக்குத் தள்ளும். கடைசியாக, ஜாக்கின் தலையில் செருகப்பட்ட கம்பளித்துணி தந்தியின் மேல் அமர்ந்து ஒலியை அடக்கும்.

விரலால் எவ்வளவு ஓங்கி அழுத்தினாலும் ஒலியின் அளவு ஏறக்குறைய மாறாது. அதனால் ஒரு சுரம் எவ்வளவு உரத்துக் கேட்க வேண்டும், எவ்வளவு மென்மையாகத் தொடங்க வேண்டும் என்பதை வாசிப்பவருக்கு முன்பே இறகைச் சீவியவர் தீர்மானித்துவிடுகிறார். பிரெஞ்சு இசையமைப்பாளர் பிரான்சுவா கூப்பரன் 1716இல் வெளியிட்ட வாசிப்புக் கையேட்டில், இளம் பிள்ளைகள் பழகும் கருவிக்கு மிக மெல்லிய இறகுகளையே இட வேண்டும் என்று சொல்லியிருப்பதை நினைவில் கொள்ள வேண்டும். விரல் வலிமையை நம்பி இறகைத் தடிப்பாக விடுகிறவர்களுக்கு இதைவிட நல்ல பதில் இல்லை.

முன்மாதிரியை மறக்க வேண்டாம்

உங்கள் கருவி எந்த மரபைப் பின்பற்றியது என்பது தெரியாமல் இறகைச் சீவக் கூடாது. ஹான்ஸ் ரூக்கர்ஸ் 1579இல் ஆன்ட்வெர்ப் நகரின் புனித லூக்கா கைவினைஞர் சங்கத்தில் ஆசானாகச் சேர்ந்தார். அவருக்குப் பின் அவர் குடும்பம் செய்த ஃபிளெமிஷ் கருவிகளின் மேற்சுரங்களில் நீண்ட இரும்புத் தந்திகள் ஓடுகின்றன. நடு ஸ்தாயிக்கு மேலுள்ள சி சுரத்தின் தந்தி ஏறக்குறைய 35 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். இத்தாலியக் கருவிகள் பெரும்பாலும் மெல்லிய சைப்ரஸ் மரப்பெட்டியும், அதைவிடக் குட்டையான பித்தளைத் தந்திகளும் உடையவை. அவற்றின் நாதம் பளிச்சென்று தொடங்கிச் சீக்கிரம் தணியும். பாரிஸின் பாஸ்கல் டஸ்கின் 1769இல் செய்து, இப்போது எடின்பரோவில் இருக்கும் இரட்டைக் கட்டைவரிசைக் கருவி, இன்றைய கைவினைஞர்களால் மிக அதிகமாகப் பின்பற்றப்பட்டவற்றுள் ஒன்று; ஐந்து ஸ்தாயி விரிவும் நீண்டு நிற்கும் கீழ்ச்சுரங்களும் உடைய அதற்கு மென்மையான இறகே பொருந்தும். இத்தாலிய மாதிரியில் பிரெஞ்சு மென்மையைத் தேடி இறகுகளை மெலிய வைத்தால் இரண்டும் கெடும். இத்தாலியக் கருவியின் வெடுக்கென்ற தொடக்கம் குறையன்று, பிறப்பிலேயே வந்த குணம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிளேயேல் போன்ற நிறுவனங்கள் பியானோவின் கட்டுமானத்தை இரவல் வாங்கி, கனத்த சட்டத்தோடும் தோல் முனைகளோடும் ஹார்ப்ஸிகார்டுகளைச் செய்தன. அவற்றுக்கு வலுவான சுண்டல் தேவைப்பட்டது. ஃபிராங்க் ஹப்பர்டும் வில்லியம் டௌடும் 1949இல் பாஸ்டனில் பட்டறை தொடங்கி, அருங்காட்சியகக் கருவிகளை அளந்து அவற்றைப் போலவே செய்யத் தொடங்கிய பிறகும், ஜெர்மனியின் பிரேமன் நகரில் மார்ட்டின் ஸ்கோவ்ரோனெக் அதே வழியில் சென்ற பிறகும்தான், இந்தக் கருவியின் உடல் எவ்வளவு இலேசானது என்பது பலருக்கு மீண்டும் புரிந்தது. சுமார் 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒலிப்பலகையும் கால் மில்லிமீட்டர் அளவான தந்தியும் சிறு தூண்டலுக்கே முழுக்குரலில் பேசும்.

தொடங்கும் முன்

தேவையானவை சில. கூரிய அறுவைக்கத்தி, அதற்கு மாற்று அலகுகள், விரலளவு கடின மரத்துண்டு ஒன்று, நுனி மெலிந்த இடுக்கி, உருப்பெருக்கிக் கண்ணாடி, நல்ல விளக்கு, உங்கள் ஜாக்குகளின் துளைக்கேற்ற இறகுகள். இறகு என்று வழக்கத்தில் சொன்னாலும் இன்று பெரும்பாலான கருவிகளில் இருப்பது டெல்ரின் என்னும் நெகிழிதான். அரை மில்லிமீட்டரை ஒட்டிய தடிமனில் கீற்றுகளாக அவை விற்கப்படுகின்றன. செய்தவரிடமே கேட்டு வாங்குவது நல்லது. அகலம் ஒத்துவராவிட்டால் நாக்கின் துளை பிளந்துவிடும்.

முதலில் கருவி முழுவதையும் சுருதி சேர்க்க வேண்டும். சுருதி விலகிய தந்தியில் குரல் அமைப்பது, அழுதுகொண்டிருக்கும் குழந்தைக்குச் சட்டை அளவெடுப்பது போன்றது. வரலாற்று மாதிரிக் கருவிகளுக்கு இன்று பொதுவாக ஏ சுரத்தை 415 ஹெர்ட்ஸில் வைக்கிறார்கள். பிரெஞ்சு மாதிரிகளுக்குச் சிலர் 392 வரை இறக்குவதும் உண்டு. பழைய கைவினைஞர்கள் தந்தியை அது அறும் எல்லைக்கு அருகில் நிற்கும்படி நீளம் கணித்தவர்கள் என்பதால், 415க்குக் கணிக்கப்பட்ட தந்திகளை 440க்கு முறுக்குவது அறுத்துக்கொள்வதற்குச் சமம். கட்டைவரிசையையே பக்கவாட்டில் ஒரு கட்டை நகர்த்தும் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்த வேண்டும்.

காதாலேயே சேர்க்க விரும்புவோருக்குப் கால்கோமா என்னும் பழைய சுருதி முறை எளிது. சி சுரத்தை நிலைநிறுத்தி, அதன் மேல் ஈ சுரத்தை அலைவே (இரண்டு சுரங்கள் சற்று விலகி ஒலிக்கும்போது கேட்கும் ஏற்ற இறக்கம்) இல்லாத தூய அந்தர காந்தாரமாக வைக்க வேண்டும். பிறகு சி, ஜி, டி, ஏ, ஈ என்று செல்லும் நான்கு பஞ்சமங்களையும் ஒரே அளவில் சற்றே குறுக்க வேண்டும். நடு ஸ்தாயியின் சி–ஜி பஞ்சமத்தில் வினாடிக்குச் சுமார் இரண்டேகால் அலை கேட்டால் சரியாக இருக்கும். மற்ற ஏழு சுரங்களையும் இவற்றிலிருந்து தூய காந்தாரங்களாகவே எடுத்துவிடலாம்: ஜியின் மேல் பி, டியின் மேல் எஃப் ஷார்ப், ஏயின் மேல் சி ஷார்ப், ஈயின் மேல் ஜி ஷார்ப், ஏக்குக் கீழே எஃப், டிக்குக் கீழே பி ஃபிளாட், ஜிக்குக் கீழே ஈ ஃபிளாட். ஜி ஷார்ப்புக்கும் ஈ ஃபிளாட்டுக்கும் இடையில் ஊளையிடும் ஓர் இடைவெளி மிஞ்சும். அந்தக் காலத்து இசை பெரும்பாலும் அந்தப் பக்கமே போகாது.

கத்தி எடுக்காமல் கண்டுபிடிக்க வேண்டியவை

ஒரு வரிசை, அதாவது ஒரு தொகுதித் தந்திகளும் அவற்றைச் சுண்டும் ஜாக்குகளும், முழுவதும் ஒரே சமயத்தில் மெலிந்துபோனால், அல்லது முழுவதும் கனத்துத் திக்கினால், அது இறகுகளின் குற்றமன்று. ஜாக்குகள் நிற்கும் துளைச்சட்டம் தந்தியிலிருந்து விலகியோ நெருங்கியோ போயிருக்கிறது. ஐரோப்பியக் குளிர்காலத்தில் அறை வெப்பமூட்டிகள் காற்றை உலர்த்தும்போது மரம் சுருங்கும். கோடையில் அது மீண்டும் விரியும். குளிர்காலத்தில் குரல் மாறிவிட்டதென்று அறுபது இறகுகளையும் மாற்றியவர், கோடையில் அந்த அறுபதோடும் மல்லுக்கட்ட நேரிடும். சட்டத்தின் முனையில் உள்ள திருகாணியைக் கால் சுற்று திருப்பிப் பார்த்தாலே போதுமானதாக இருக்கலாம். அறையின் ஈரப்பதத்தை ஆண்டு முழுவதும் 50 விழுக்காட்டை ஒட்டி வைத்திருப்பவருக்கு இந்தத் தொல்லை குறைவு.

ஒரே ஒரு கட்டை மட்டும் திரும்ப ஒலிக்க மறுக்கிறது என்றால், ஜாக் தந்தியின் மேலேயே தொங்கி நிற்கிறது என்று பொருள். இதற்கு ஐந்து காரணங்களாவது உண்டு. அவற்றை ஒழுங்காக விலக்கிக்கொண்டே வர வேண்டும். ஜாக்குகளின் தலைக்கு மேல் உள்ள தடுப்புச் சட்டத்தை முதலில் கழற்றுங்கள். அது இல்லாத நேரத்தில் கட்டைகளை ஓங்கி அழுத்தினால் ஜாக்குகள் துள்ளி வெளியே விழும் என்பதால் கை மெதுவாக இருக்கட்டும். அந்த வரிசையைத் தந்தியிலிருந்து விலக்கி நிறுத்தி, ஐயத்துக்குரிய ஜாக்கை ஒரு சென்டிமீட்டர் தூக்கி விடுங்கள். தன் எடையிலேயே விழுந்து கட்டையின் மேல் டக்கென்று உட்கார வேண்டும். உட்காராவிட்டால் ஜாக்கு துளையில் இறுகியிருக்கிறது. அதன் பக்கங்களில் பளபளப்பேறிய இடத்தைப் பென்சில் கரியால் தேய்த்துப் பார்த்து, அதற்கும் மசியாவிட்டால் மட்டும் மிக மெல்லிய உப்புத்தாளால் ஒருமுறை தடவலாம்.

ஜாக்கு சுதந்திரமாக விழுகிறது என்றால், அதை வெளியே எடுத்து நாக்கை நகத்தால் பின்னுக்குத் தள்ளி விடுங்கள். உடனே, தயங்காமல் முன்னுக்கு வர வேண்டும். மெதுவாக வந்தால் அச்சில் தூசு சேர்ந்திருக்கும், அல்லது மயிர் வலுவிழந்திருக்கும்; விரைந்து வாசிக்கும்போது சுரங்கள் விடுபடுவது இதனால்தான். நாக்கைத் தள்ளவே விரல் கொஞ்சம் முயல வேண்டியிருந்தால் மயிர் மிகவும் விறைப்பானது. ஜாக்கின் எடைக்கு அதைப் பின்தள்ளும் வலு இராது. மயிரைச் சற்றே வளைத்துவிடுவது போதும்.

அடுத்தது கம்பளித்துணி. என் அனுபவத்தில் தொங்கும் ஜாக்குகளுள் பாதி இதனால் தொங்குபவைதான். கட்டை ஓய்வில் இருக்கும்போது துணி தந்தியைத் தொட வேண்டும். ஜாக்கின் எடையைத் தந்தியின் மேல் சுமத்தக் கூடாது. துணி தாழ்ந்திருந்தால் ஜாக் கட்டையின் மேல் உட்காராமல் தந்தியைப் பிடித்துத் தொங்கும். இறகும் அதன் இடத்துக்கு வந்து சேராது. துணியை இரண்டு மில்லிமீட்டர் உயர்த்திவிட்டு மறுபடி வாசித்துப் பாருங்கள். அப்போதும் தொங்கினால்தான் இறகைப் பற்றி யோசிக்க நியாயம் உண்டு.

உயரத்தையும் இதே கட்டத்தில் பார்த்துவிட வேண்டும். ஓய்வில் இறகின் மேற்பரப்புக்கும் தந்திக்கும் இடையே ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் இருந்தால் நன்று. இரண்டு எட்டடி வரிசைகள் உள்ள கருவியில் இரண்டும் ஒரே கணத்தில் சுண்டினால் விரலுக்குப் பாரம் இரட்டிப்பாகும். எட்டடி என்பது எழுதியபடியே ஒலிக்கும் வரிசை. நாலடி ஒரு ஸ்தாயி மேலே ஒலிப்பது. பெயர்கள் ஆர்கன் குழாய்களின் நீளத்திலிருந்து வந்தவை. கட்டையை மிக மெதுவாக இறக்கினால் முதலில் ஒன்று, பிறகு மற்றொன்று என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். புதிய ஜாக்குகளில் அடிமுனைத் திருகாணியால் இதைச் சரிசெய்யலாம். பழைய பாணி மரஜாக்கில் அடியில் காகிதத்துண்டு ஒட்டித்தான் உயர்த்த முடியும். எந்த வரிசை முந்த வேண்டும் என்பது செய்தவருக்குச் செய்தவர் வேறுபடுவதால், அவர் விட்டுச்சென்ற ஒழுங்கைக் குலைக்காதீர்கள்.

இறகை மாற்றுதல்

இத்தனைக்கும் பிறகு, இறகு ஒடிந்தது அல்லது தேய்ந்தது உறுதியானால் மாற்றலாம். ஒரு நேரத்தில் ஒரே ஜாக்கை மட்டும் எடுங்கள். ஜாக்குகளுக்கு எண் இட்டிருந்தாலும், ஒன்றன் இடத்தில் மற்றொன்றைப் போடும் தவறு எல்லோருக்கும் ஒருமுறையாவது நேரும்.

இறகு பின்புறமிருந்து செருகப்பட்டது என்பதால் முன்புறமிருந்து மெல்லப் பின்னுக்குத் தள்ளினால் வெளியேறும். தள்ளும்போது நாக்கைப் பின்னாலிருந்து விரலால் தாங்கிக்கொள்ள வேண்டும். அந்த விசை அச்சு ஊசியின் மேல் விழுந்தால் நாக்கு ஆடத் தொடங்கிவிடும். புதிய இறகைப் பின்புறமாக நுழைத்து, இடுக்கியால் இறுகும்வரை முன்னுக்கு இழுங்கள். அது கிடைமட்டமாகவோ மிகச் சிறிதளவு மேல்நோக்கியோ நிற்க வேண்டும். தலை தொங்கி நிற்கும் இறகு எவ்வளவு சீவினாலும் தெளிவாகப் பேசாது. பின்னால் மிஞ்சிய வாலை நாக்கோடு ஒட்டி வெட்டிவிடலாம்.

நீளத்தை அளக்க எந்தக் கருவியும் தேவையில்லை. நன்றாக ஒலிக்கும் பக்கத்து ஜாக்கை அருகில் நிறுத்தி, அதைவிடச் சற்று நீளமாக முதலில் வெட்டுங்கள். மரத்துண்டின் மேல் இறகின் மேற்பரப்பைப் படியவைத்து, அடிப்பக்கத்திலிருந்து சாய்வாக வெட்டினால், மேல்விளிம்பு நீண்டும் கீழ்விளிம்பு உள்வாங்கியும் 45 பாகைச் சரிவு ஒன்று கிடைக்கும். ஜாக் இறங்கும்போது தந்தி இந்தச் சரிவில் பட்டுத்தான் நாக்கைப் பின்னுக்குத் தள்ளுகிறது. சரிவு இல்லாமல் செங்குத்தாக வெட்டிய இறகு கட்டாயம் தொங்கும். பிறகு ஜாக்கை இடத்தில் வைத்துப் பார்த்து, தந்தியைத் தாண்டி அரை மில்லிமீட்டர் அளவே நீட்டியிருக்கும்வரை மயிரிழை மயிரிழையாகக் குறையுங்கள்.

குரல் அமைத்தல்

இப்போது ஒலி முரட்டுத்தனமாகவும் விரலுக்குப் பாரமாகவும் இருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும். இறகின் மேற்பரப்பு தந்தியைத் தொடும் இடம் என்பதால் கத்தி அங்கே படவே கூடாது. அடிப்பக்கத்திலிருந்து மட்டும், நடுவிலிருந்து நுனியை நோக்கி, தாள்போன்ற சீவல்களாக எடுக்க வேண்டும். நாக்கை ஒட்டிய அடிப்பகுதியை மெலிய வைத்தால் இறகு அங்கே மடங்கி, சில வாரங்களில் ஒடியும். ஒருமுறை சீவுங்கள், ஜாக்கை வையுங்கள், பத்துமுறை வாசியுங்கள், பக்கத்துச் சுரங்களோடு ஒப்பிடுங்கள். பிறகு தேவையானால் இன்னொரு சீவல். இந்த வேலையில் அவசரப்பட்டவர்களின் மேசையின் கீழ்தான் டெல்ரின் குவிந்து கிடக்கும்.

காது எதைத் தேட வேண்டும் என்பது எழுத்தில் சொல்லக் கடினமானது. இறகு மிகவும் விறைப்பாக இருந்தால் சுரத்துக்கு முன்னால் ஒரு தட்டலோசை வரும். நாதம் அந்தத் தட்டலுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். மிகவும் மெலிந்தால் தந்தியை வருடியது போல் தொடக்கமே மங்கிவிடும். இரண்டுக்கும் நடுவில், தொடக்கம் தெளிவாகவும் அதைத் தொடர்ந்து நாதம் மலர்வதாகவும் தோன்றும் ஓர் இடம் உண்டு. அங்கே கத்தியைக் கீழே வைத்துவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் இனிமை வருமா என்று ஒரு சீவல் கூடுதலாக எடுப்பதுதான் பெரும்பாலும் இறகைக் கெடுக்கிறது.

வரிசை முழுவதையும் அமைப்பதானால் நடு ஸ்தாயியில் தொடங்கி, அதில் மனம் நிறைந்த ஒரு சுரத்தை அளவுகோலாகக் கொண்டு, கீழும் மேலும் ஸ்தாயி ஸ்தாயியாக ஒப்பிட்டுச் செல்லுங்கள். கீழ்ச்சுரங்களுக்கு வலுவான இறகும், மேலே போகப்போக மெலிந்த இறகும் வேண்டும். இரண்டு எட்டடி வரிசைகளும் ஒரே குரலில் பேச வேண்டியதில்லை. வாசிப்பவருக்கு அருகில் தந்தியைச் சுண்டும் வரிசை மூக்கொலி கலந்தும், தள்ளிச் சுண்டும் வரிசை உருண்டையாகவும் ஒலிப்பது இயல்பு. வாசிக்கும் இருக்கையிலிருந்து கேட்பது ஏமாற்றும். வேறொருவரை வாசிக்கச் சொல்லிவிட்டு, கருவியின் வளைந்த பக்கம் எட்டிப்போய் நின்று கேட்டால், தனித்துக் கத்தும் சுரமும் தயங்கும் சுரமும் உடனே தெரிந்துவிடும்.

உண்மையான இறகை விரும்புவோர் காக்கை, அண்டங்காக்கை ஆகியவற்றின் சிறகிலுள்ள பெரிய இறகுகளின் தண்டைப் பயன்படுத்துகிறார்கள். வழவழப்பான வெளிப்புறம் மேலே வரும்படி செருகி, மேற்சொன்னவாறே அடியில் சீவ வேண்டும். உலர்ந்து போகாமல் இருக்க அவ்வப்போது ஒரு துளி ஆலிவ் எண்ணெய் தடவலாம். டெல்ரின் பல ஆண்டு உழைத்துவிட்டு ஒரு நாள் எச்சரிக்கையின்றி ஒடியும். இறகுத்தண்டு அவ்வளவு காலம் உழைக்காது, ஆனால் வலுவிழப்பதை முன்கூட்டியே காட்டிவிடும். கச்சேரிக்கு முந்தைய நாள் எதை நம்பலாம் என்று கேட்டால், நான் இறகுத்தண்டையே சொல்வேன். டஸ்கின் 1768இல் புகுத்திய, இறகுக்குப் பதில் தோலால் சுண்டும் மென்தோல் வரிசை உங்கள் கருவியில் இருந்தால் இந்த விதிகள் அதற்குப் பொருந்தா. அதைச் செய்தவரிடமே விட்டுவிடுங்கள்.

வேலை முடிந்ததும் தடுப்புச் சட்டத்தை மறவாமல் பொருத்துங்கள். புதிய டெல்ரின் முதல் சில நாள் வாசிப்பில் சற்றே தளர்ந்து படியும் என்பதால், இன்று கொஞ்சம் உரத்துக் கேட்கும் சுரத்தை அப்படியே விட்டுவைத்து, அதன் கட்டையில் ஒரு காகிதக் குறி ஒட்டி, ஒரு வாரம் வாசித்த பிறகு திரும்ப வந்து கேளுங்கள்.